லூர்துசாமி சாகாத படம்

சாவதற்கு முன்னால் லூர்துசாமி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். பிறகு, பின்னால் என்ன இருக்கிறது என்று ஒரு நோட்டம். அரிசி மூட்டை என்றால் நல்லது. தேங்காய்க் கூடை என்றால் இரண்டடி தள்ளி நின்றுகொள்வார்.

"இண்டைக்கு என்ன ஐயா, அம்போ பாம்போ?" என்று கல்லாவில் இருந்தபடியே யோன் கேட்பார்.

"பாம்பு போன வாரமே ஆச்சே. இன்னைக்கு அம்பு வச்சுக்கலாம்."

அம்பு வந்து தைக்கும். தைத்த இடத்தை அவர் உடனே பிடித்துக்கொள்ள மாட்டார். முதலில் முகத்தில் ஓர் ஆச்சரியம் வரும், தெருவில் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதைப் போல. அப்புறம்தான் குனிந்து மார்பைப் பார்ப்பார். எய்தவனைத் தேடிக் கண்கள் ஒரு சுற்றுச் சுற்றும். அதற்கும் பிறகுதான் முழங்கால் மடங்கும். அதுவும் வலது முழங்கால் மட்டும். இடது முழங்காலைக் குதிரை ஒன்று அந்தக் காலத்திலேயே பழுதாக்கிவிட்டது. அப்படியே மூட்டையில் சரிந்து, வாய் லேசாகத் திறந்து, ஆள் முடிந்துபோவார். கறிவேப்பிலை வாங்க வந்தவர்கள் கைதட்டுவார்கள். லூர்துசாமி எழுந்து, காற்சட்டையில் ஒட்டிய அரிசித் தவிட்டைத் தட்டிவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முருங்கைக்காய் எப்போது வந்தது என்று விசாரிப்பார்.

பாரிஸ் நகரத்து லா ஷப்பெல் மெட்ரோவில் இறங்கி, தலைக்கு மேல் ரயில் ஓடும் அந்த இரும்புப் பாலத்தைக் கடந்தால், யோனுடைய கடை. மன்னார்க்காரர். முன்பக்கம் மளிகை, பின்சுவர் முழுக்க வாடகைக்கு விடும் வீடியோ கசெட்டுகள். சனிக்கிழமை காலையில் அங்கே நிற்க இடம் இருக்காது. அந்த நெரிசலுக்குள்தான் லூர்துசாமி இடம் பிடித்துச் செத்துக் காட்டுவார்.

அவருக்கு வயது அறுபத்து மூன்று. புதுச்சேரியில் பிறந்த பிரெஞ்சுக் குடிமகன். இங்கே ஒரு பள்ளிக்கூடச் சமையற்கட்டில் உருளைக்கிழங்கு வேகவைத்தே ஓய்வு பெற்றவர். இந்த அளவுக்கு எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்னால் பதினோரு ஆண்டுகள் ஹாலிவுட்டில் நடிகராக இருந்தார் என்று சொன்னால்தான் ஏற இறங்கப் பார்ப்பார்கள். எண்பத்தேழாம் வருஷம் அது. யாழ்ப்பாணத்திலிருந்தும் மன்னாரிலிருந்தும் நாள்தோறும் ஆட்கள் வந்து சேர்ந்துகொண்டிருந்தார்கள். புதிதாக வந்தவர்கள், "என்ன வேசம் ஐயா கட்டினனீங்கள்?" என்று கேட்பார்கள்.

"பொணம்" என்பார் லூர்துசாமி. "மொதல்ல ஆளு, அப்புறம் பொணம்."

பொய் இல்லை. நாற்பத்தேழில், கல்யாணமாகி ஒரு வருஷம்கூட நிறையாத நிலையில், பிரெஞ்சுக் கப்பல் ஒன்றில் சமையல் உதவியாளாக ஏறினார். கப்பல் கலிபோர்னியாவில் சான் பேத்ரோ துறைமுகத்தில் பழுதாகி நின்றது. பாலைவனப் படம் ஒன்றுக்குப் பழுப்புத் தோல்காரர்கள் வேண்டுமென்று ஸ்டூடியோ ஆள் ஒருவர் துறைமுகத்துக்கே வந்து தேடினார். வேடிக்கைக்காகப் போன லூர்துசாமியின் முதுகில் ஈட்டி பாய்ந்தது. அவர் விழுந்த தினுசைப் பார்த்துவிட்டு, மறுநாளும் வரச் சொன்னார்கள். கப்பல் சரியாகிக் கிளம்பிப் போயிற்று. இவர் கிளம்பவில்லை.

ஒரே முகத்தை வைத்துக்கொண்டு அவர் எத்தனை நாட்டுக்காரராக இருந்தார் என்று அவருக்கே கணக்குத் தெரியாது. காலையில் அரேபியர், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு செவ்விந்தியர், மறுநாள் எகிப்தியப் பூசாரி, அடுத்த வாரம் மலாய்க் கடற்கொள்ளைக்காரர். முப்பதுக்கும் மேற்பட்ட படங்கள். பெரும்பாலானவற்றில் பெயரே கிடையாது. வெள்ளைக்கார நாயகன் "ஏய்" என்றால் வந்து நிற்க வேண்டியது, நாயகனுக்கு வந்த ஆபத்தைத் தான் வாங்கிக்கொண்டு போய்ச் சேர வேண்டியது. அதற்காக எல்லோரும் ஒரே மாதிரி செத்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அதைச் சொன்னால் லூர்துசாமிக்குக் கோபம் வரும்.

"வெஷம் குடிச்சவன் கிண்ணத்தைக் கீழ போடக் கூடாது. மெதுவாத் திருப்பி வைக்கணும், மனைப்பலகை மேல வைக்கிறாப்பல. அப்பத்தான் பாக்கறவனுக்கு வயித்தக் கலக்கும். தாகத்துல சாகறவன் தண்ணி தண்ணின்னு கத்துவானா? கத்துறதுக்கு நாக்கு எங்க இருக்கு அவனுக்கு?"

இன்னொரு வழக்கமும் வைத்திருந்தார். சென்னை ஸ்டூடியோக்களில் பிணமாக நடித்தவர் எழுந்ததும் கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட வேண்டும். தோஷம் போக ஒரு பூசணிக்காயும் உடைப்பார்கள். சகவாசத்தில் யாரோ சொல்லிக் கேட்டது. ஹாலிவுட்டில் பூசணிக்காய் உடைக்க யார் இருக்கிறார்கள்? சிரிப்பை மட்டும் அவர் எடுத்துக்கொண்டார். 'கட்' என்ற சத்தம் கேட்டதும் எழுந்து உட்கார்ந்து, ஒரு சிலுவை போட்டுக்கொண்டு, கேமராவைப் பார்த்து எல்லாப் பல்லும் தெரியச் சிரிப்பார். மேலே ஏசுவும் கீழே சென்னை சாஸ்திரமும் பார்த்துக்கொள்ளட்டும் என்ற ஏற்பாடு. இந்த ஆளுக்குச் சாவதில் அவ்வளவு சந்தோஷமா என்று அமெரிக்கர்கள் வியந்திருக்கிறார்கள்.

யோன் கடையில் அம்பு உண்டு, பாம்பு உண்டு, வாள், விஷம், புதைமணல் எல்லாம் உண்டு. துப்பாக்கி மட்டும் கிடையாது. ஆரம்பத்தில் இருந்தது. ஒரு சனிக்கிழமை அவர் குண்டு பட்டுச் சுழன்று விழுந்தபோது, கூட்டத்தில் நின்ற புஸ்பராணி என்ற பெண், கையிலிருந்த பருப்புப் பையை அப்படியே தட்டில் வைத்துவிட்டு வெளியே போனாள். அவளுடைய தமையனை வீட்டு வாசலில் வைத்தே சுட்டிருந்தார்கள். விஷயம் தெரிந்ததும் லூர்துசாமிக்குச் செத்தே போகலாம் போல இருந்தது. அந்தப் பருப்பைத் தானே எடுத்துக்கொண்டு அவள் வீடு தேடிப் போனார்; என்ன சொல்வதென்று தெரியாமல் வாசலில் பையைக் கொடுத்துவிட்டுத் திரும்பினார். அன்றோடு துப்பாக்கி நின்றது.

இத்தனை பேர் பார்த்த அவருடைய நடிப்பை ஒரே ஒரு ஆள் பார்ப்பதில்லை. அவர் மனைவி ஞானம்மா. பார்ப்பதில்லை என்பதைவிட, ஒருமுறை பார்த்தாயிற்று என்று சொல்ல வேண்டும்.

ஐம்பத்திரண்டில், புதுச்சேரியில் ஒரு கொட்டகைக்கு லூர்துசாமி நடித்த படம் வந்தது. தெருவே திரண்டு போயிற்று. மாமியார், மருமகள், ஓரகத்திகள், பக்கத்து வீட்டார் என்று நாலு வரிசை. அரண்மனைக் காவலனாக லூர்துசாமி திரையில் தோன்றினார். "அதோ நம்ம லூர்து!" என்று சொல்லி முடிப்பதற்குள் முதுகில் கத்தி இறங்கிவிட்டது. அதற்கு முன்னால் சினிமாவே பார்த்திராத அவருடைய தாயார், "ஐயோ எம்புள்ளையக் கொன்னுட்டானுங்களே" என்று மாரில் அடித்துக்கொண்டு எழுந்துவிட்டார். ஒரு தாய் அழுதால் மற்றப் பெண்கள் சும்மா இருப்பார்களா? நாலு வரிசையும் ஒப்பாரி வைத்தது. படத்தை நிறுத்தி விளக்கைப் போட்டார்கள்.

அதோடு போயிருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். கொட்டகைக்கு வராதவர்கள் விடிந்ததும் அழுகைச் சத்தம் மட்டும் கேட்டுத் துக்கம் விசாரிக்க வந்துவிட்டார்கள். எதிர்வீட்டிலிருந்து, அடுப்புப் பற்றவைத்திருக்க மாட்டார்களே என்று, ஒரு குண்டான் கஞ்சி வந்தது. சாவு மணி அடிக்கட்டுமா என்று கோயில் ஆள் வந்து நின்றார். காரைக்காலிலிருந்து ஞானம்மாவின் அண்ணன் ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தார். படம்தான், நிஜமில்லை என்று அடித்துச் சொல்லவும் யாருக்கும் தைரியமில்லை. ஏனென்றால் அமெரிக்காவிலிருந்து ஐந்தாறு மாதமாக ஒரு தகவலும் இல்லை. வந்த பெண்கள் ஒவ்வொருவரும் ஞானம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். இருபத்து நாலு வயதில், தாலியைக் கையில் இறுக்கிப் பிடித்தபடி, அவள் மூலையில் உட்கார்ந்திருந்தாள். கடைசியில் பங்குச் சாமியார் வந்து எல்லோரையும் ஒரு சத்தம் போட்டுக் கலைத்தார். லூர்துசாமி உயிரோடு இருக்கும் தகவல் வர மேலும் ஒரு மாதம் ஆயிற்று.

"படம்னு எனக்குத் தெரியும்" என்பாள் ஞானம்மா. "தெரிஞ்சா போதுமா? ஒருதடவை உங்களுக்காக மூலையில உக்காந்துட்டேன். இனிமே அந்த வேலை நெசமா நடந்தாத்தான்."

சொன்னதைக் காப்பாற்றினாள். ஐம்பத்தெட்டில் அவர் திரும்பி வந்து, அவளையும் கூட்டிக்கொண்டு பாரிஸுக்குக் குடிவந்த பிறகும், பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் எப்போதாவது அவருடைய பழைய படம் ஓடும். ஞானம்மா எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள். சின்னப் பெண்ணாக இருந்த மகள் மரி-லூயிஸ் கூடத்திலிருந்து அம்மாவுக்குக் குரல் கொடுப்பாள்: "மமோன், அப்பா செத்துட்டாரு, வரலாம்!" ஞானம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து மீதிப் படத்தைப் பார்ப்பாள். இதை மகள் இன்றும், பாரிஸுக்குப் பக்கத்து ஆர்ஜொந்தெயில், தன் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சிரிக்கிறாள். லூர்துசாமியும் கூடச் சிரிப்பார். ஆனால் அவருக்கு உள்ளுக்குள் ஒரு குறை இருக்கத்தான் செய்தது. ஊரார் கைதட்டி என்ன, வீட்டு மனுஷி பார்க்கவில்லையே.

அந்த எண்பத்தேழாம் வருஷ வசந்தத்தில் ஞானம்மாவுக்குப் பார்வை சுருங்கத் தொடங்கியது. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, பக்கவாட்டில் வருவது எதுவும் தெரியவில்லை. நேரே பார்த்தால் மட்டும் நடுவில் ஒரு துண்டு தெளிவாக இருக்கும். போனது போனதுதான், இருப்பதைக் கொஞ்ச காலம் காப்பாற்றலாம் என்றார் ஆஸ்பத்திரியில் மருத்துவர். எவ்வளவு காலம் என்று இவர்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. திரும்பி வரும் வழியில் லா ஷப்பெல் நிலையத்துப் பெஞ்சில் மூச்சு வாங்க உட்கார்ந்தார்கள்.

"என்னாங்க, ஒண்ணு கேட்டா சிரிக்கக் கூடாது."

"கேளேன்."

"உங்க படம் ஒண்ணு பாக்கணும்."

லூர்துசாமி சிரிக்கவில்லை. தன் காதுதான் சரியில்லையோ என்று திரும்பிப் பார்த்தார்.

"இருபத்தி மூணு வயசுல கப்பலேறுனீங்க. திரும்பி வந்தது முன்தலை வழுக்கையா, காலைச் சாய்ச்சுச் சாய்ச்சு நடக்கிற வேற ஒரு ஆளு. நடுவுல இருந்தவரை நான் பாக்கவே இல்லையே. அமெரிக்காக்காரன் பூராப் பாத்திருக்கான். கட்டிக்கிட்டவ நான் பாக்க வேணாமா?" ரயில் வந்து நின்றது. ஞானம்மா எழுந்திருக்கவில்லை. "கண்ணு இருக்கறப்பவே பாத்துடணும். ஆனா ஒண்ணு, நீங்க சாகாத படமா இருக்கணும்."

அன்று மாலை முழுவதும் லூர்துசாமி தன் சினிமா வாழ்க்கையை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார். ஈட்டி, வாள், முதலை, பாறை, பீரங்கி. ஒவ்வொன்றிலும் கதை கிடுகிடுவென்று ஓடி இவர் சாவில் வந்து நின்றது. சாகாத படம் ஒன்று இருக்கத்தான் இருந்தது. அதில் கவர்னர் மாளிகையில் கூரையில் தொங்கும் பங்கா விசிறியின் கயிற்றை இழுப்பவராக நடித்தார். ஆனால் படத்தில் வந்தது கை மட்டும். மனைவியைக் கூப்பிட்டு உட்கார வைத்து, இதோ என் கை என்று காட்டவா முடியும்?

கொஞ்ச நாளில் யோனிடமிருந்து ஆள் வந்தது. சென் தெனி என்ற புறநகரில் கடையைக் காலி செய்த ஒரு பிரெஞ்சுக்காரரிடம் ஒரு பெட்டி நிறையப் பழைய அமெரிக்கப் படக் கசெட்டுகளை அவர் அள்ளி வந்திருந்தார். "ஐயா, உங்கடை சாவு ஏதும் இதுக்கை கிடக்கோ எண்டு பாருங்கோ." லூர்துசாமி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் புரட்டினார். அடியில் கிடந்த ஒன்றை எடுத்தவர், அதைக் கீழே வைக்கவில்லை.

பனிமலைக்குப் போகும் ஆராய்ச்சிக் குழுவின் கதை. அதில் அவர் சுமைக்காரர். மற்றப் படங்களில் ஆட்கள் இருக்கையில் உட்கார்ந்து முடிப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிடுகிறவர், இதில் கணிசமான நேரம் உயிர் வாழ்கிறார். கூடாரம் அடிக்கிறார். கோவேறு கழுதையோடு சண்டை போடுகிறார். தலைப்பாகையை அவிழ்த்து உதறி மறுபடி கட்டுகிறார். நெருப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ சொல்லிச் சிரிக்கிறார். அப்புறம் கயிற்றுப் பாலம் வருகிறது.

கடையின் பின்னறையில் யோன் அதை ஓடவிட்டார். பாலத்தில் பலகை ஒடிந்தது. படத்திலிருந்த லூர்துசாமி ஒற்றைக் கையால் கயிற்றில் தொங்கினார். மறு கையால், முதுகிலிருந்த மருந்துப் பெட்டியைக் கழற்றி மேலே நின்ற வெள்ளைக்காரத் துரையிடம் நீட்டினார். துரை பெட்டியை வாங்கிக்கொண்டார். பிறகு லூர்துசாமி கயிற்றைப் பிடித்திருந்த தன் கையைப் பார்த்தார். வேறு யாருடைய கையோ என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. கத்தவில்லை. கத்தச் சொல்லித்தான் இயக்குநர் கேட்டிருந்தார். மாட்டேன் என்று சொல்லிவிட்டு இப்படிச் செய்தார். எடுத்து முடித்ததும் அந்த முரட்டு மனிதர் தொப்பியைக் கழற்றினார். தன் வாழ்க்கையில் தனக்காக ஒருவர் தொப்பியைக் கழற்றியது அந்த ஒருதடவைதான் என்று லூர்துசாமி சொல்வார்.

யோன் நிறுத்தினார்.

"இது மற்றதுகள் மாதிரி இல்லை ஐயா."

"இல்ல" என்றார் லூர்துசாமி. "இதுதான் நான் செத்ததுலயே நல்ல சாவு." பிறகு ஞானம்மா கேட்டதை அவரிடம் சொன்னார்.

யோன் யோசித்தார். "என்னட்டை ரெண்டு டெக் கிடக்கு. பாலம் வர முதல் நிப்பாட்டி ஒரு கொப்பி அடிச்சுத் தாறன். அம்மாவுக்கு நீங்கள் சாகேல்லை. பிரச்சினை முடிஞ்சுது."

"முடிஞ்சுதுதான்" என்றார். ஆனால் குரலில் சுரத்து இல்லை. கூடாரமும் கழுதையும் யார் வேண்டுமானாலும் செய்வார்கள். அவர் நடிகர் என்பதற்கு உலகத்தில் மிஞ்சியிருக்கும் ஒரே சாட்சி அந்தக் கை விரிவதுதான். அவள் கடைசியாக ஒரு படம் பார்க்கப்போகிறாள்; அதில் அதையே வெட்ட வேண்டுமாம்.

"எழும்பிச் சிரிப்பன் எண்டு சொல்லுவீங்களே, அந்தச் சிரிப்பு இதிலை வராதோ? அதோடை சேத்துக் காட்டலாம்."

"அதெல்லாம் வெட்டிடுவாங்கப்பா. சாவு வரைக்குந்தான் அவங்களுக்கு வேணும்."

வெளியே யாரோ புளி கேட்டார்கள். யோன் எழுந்து போய்க் கொடுத்துவிட்டு வந்தார். லூர்துசாமி இன்னும் அந்தக் கசெட்டின் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். அட்டையில் அவர் இல்லை.

"வெட்டிடு" என்றார். "அவ பயந்தது போதும்."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, சாப்பிட்டு, மகள் எப்போதோ வாங்கிக் கொடுத்த டெக்கில் கசெட்டைப் போட்டார்கள். ஞானம்மா நல்ல புடவை உடுத்திக்கொண்டாள். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. நடுவில் இருக்கும் அந்தத் துண்டுப் பார்வைக்குப் படம் அடங்க வேண்டும் என்று நாற்காலியை முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்து, சரியான தூரத்தில் உட்கார்ந்தாள். பக்கத்தில் அவர்.

முதல் காட்சியிலேயே கண்டுபிடித்துவிட்டாள். "ஐயோ, எவ்வளவு முடி!" என்றாள். கழுதையோடு அவர் மல்லுக்கட்டியபோது சிரித்தாள். தலைப்பாகையை அவிழ்த்தபோது கொஞ்சம் முன்னால் குனிந்தாள். நெருப்போரம் அவர் பேசிய வசனத்துக்குப் பிரெஞ்சுக்காரர் யாரோ குரல் கொடுத்திருந்தார். "இது நீங்க இல்ல" என்று குரலை மட்டும் தள்ளிவைத்துவிட்டு, முகத்தை விடாமல் பார்த்தாள். லூர்துசாமி திரையைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இருபது வயதுப் பெண் ஒருத்தி தன் புருஷனைப் பார்ப்பதுபோல அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சுமைக்காரன் மேல் அவருக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது.

குழு மலைச்சரிவில் இறங்கியது. தூரத்தில் பாலம் தெரிந்தது. திரை சரசரவென்று பொரிந்து வெளுத்துப் போயிற்று.

"அப்புறம்?" என்றாள் ஞானம்மா.

"அவ்வளவுதான். கசெத் பழசு."

"அந்த மலைக்குப் போனவங்க என்னா ஆனாங்க?"

"எல்லாரும் அவங்கவங்க ஊருக்குத் திரும்பிடறாங்க."

"நீங்க?"

"நானுந்தான். ஊருக்குத் திரும்பிடறேன்."

எத்தனையோ இயக்குநர்களிடம் நடித்துக் காட்டியவர், இந்த ஒரு வசனத்தைக் கோட்டை விட்டுவிட்டார். ஞானம்மா முழு முகத்தையும் அவர் பக்கம் திருப்பினாள். இப்போதெல்லாம் அப்படித் திருப்பினால்தான் அவளுக்கு அவர் தெரிவார்.

"நீங்களா? ஊருக்கா? பதினோரு வருஷம் வராத மனுஷன், ஒரு படத்துல மட்டும் உடனே திரும்பிட்டீங்களாக்கும்." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், ஆனால் அவருக்குச் சுருக்கென்றது. "செத்துத்தானே போறீங்க?"

அவர் தலையாட்டினார்.

"யோன் வெட்டிக் குடுத்தாரா?"

"நாந்தான் வெட்டச் சொன்னேன்."

"நல்லா நடிச்சிருக்கீங்களா அதுல?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் பார்த்தார். "ரொம்ப நல்லா" என்றார்.

ஞானம்மா புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள். "போய் முழுசா வாங்கிட்டு வாங்க. அப்ப நான் ஒண்டியா இருந்தேன். எதிர்வீட்டுக் கஞ்சியும், கழுத்தைக் கட்டிக்கிட்டு அழுற பொம்பளைங்களும், நீங்க எங்க இருக்கீங்கன்னே தெரியாம. இப்ப நீங்க பக்கத்துல இருக்கீங்கல்ல."

லூர்துசாமி சாய்ந்து சாய்ந்து படியிறங்கிப் போய் வந்தார். யோன் எதுவும் கேட்காமல் கசெட்டை எடுத்துக் கொடுத்திருந்தார். பாலத்துக்குக் கொஞ்சம் முன்பிருந்து படத்தை ஓடவிட்டு, மறுபடி அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

பலகை ஒடிந்தது. ஞானம்மாவின் தோள் ஒருதரம் குலுங்கியது. எழுந்திருக்கவில்லை. மருந்துப் பெட்டி கை மாறிற்று. அந்த வாலிபன் தன் கையைப் பார்த்தான், விரல்கள் பிரிந்தன. கேமரா கீழே இறங்கிப் போய், ஆற்றோரக் கற்களில் மல்லாந்து கிடந்தவனைக் காட்டியது. தலைப்பாகை அவிழ்ந்து தண்ணீரில் நீண்டு கிடந்தது. இந்த இடத்தில் அசையக் கூடாது, கண் இமைக்கக் கூடாது, மூச்சுவிடக் கூடாது. நாற்காலியில் இருந்த லூர்துசாமிக்கும் பழக்க தோஷத்தில் மூச்சு நின்றிருந்தது.

ஞானம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் பக்கவாட்டில் கையை நீட்டினாள். அந்தப் பக்கம் அவளுக்கு ஒன்றும் தெரியாது. விரல்கள் அவர் தோளில் பட்டன, கழுத்தில் பட்டன, தாடையைத் தடவி மேலே வந்தன. புறங்கையைத் திருப்பி அவருடைய மூக்கின் கீழே வைத்தாள். வைத்துக்கொண்டு காத்திருந்தாள். லூர்துசாமி மூச்சை விட்டார்.